முள்வயலின் வெள்ளைக் கற்கள்

தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போன பிரீஜ் டார்ப்பி, ஜன்னல் விளிம்பில் வெள்ளைக் கல் ஒன்றைக் கண்டாள். ஒரு வாரமாக மழையில்லை. மழை ஓயாத மேயோ மாவட்டத்தில் அதுவே பேய் வேலைதான், இருந்தாலும் கதை அதைப் பற்றியதல்ல. கல் நனைந்திருந்தது.

அவளுக்குத் தெரிந்த கல். பின்புற முள்வயலில் அப்படி முப்பத்தொன்று உண்டு. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைகளுக்குக் கோயில் கல்லறையில் இடமில்லை. தகப்பன்மார் வெண்ணெய்ப் பெட்டியில் வைத்துத் தூக்கிவந்து இங்கே புதைத்து, மேலே ஒரு கல் வைத்தார்கள். அதிலொன்று பிரீஜின் அக்கா. அவளுக்கென்று யோசித்திருந்த பெயரைத்தான் அடுத்துப் பிறந்த இவளுக்கு வைத்தார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர் என்பதால் கோயில் பங்கின் வரலாற்றைப் புத்தகமாக எழுதும் வேலை பிரீஜின் தலையில் விழுந்திருந்தது. அன்று மாலை பங்குச்சாமி கோய்ன் வந்து, மூன்று துண்டு கேக்கை முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

“டீச்சர், அந்த முள்வயலைப் பத்தின பக்கம் புத்தகத்துல வேண்டாம். வெளியீட்டு விழாவுக்கு பிஷப் வர்றாரு.”

“நம்ம ஃபுட்பால் டீம் தோத்ததுக்கே நாலு பக்கம் இருக்கு, சாமி.”

“அது வரலாறும்மா. இதுங்களுக்குப் பேரே கெடயாதே. என்னன்னு எழுதுவீங்க?”

அவள் தட்டச்சு செய்துவைத்திருந்த அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் மாதம், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. அடுப்பில் எரியும் சதுப்புநிலக் கரியின் புகையும் அதற்கடியில் ஈரமண்ணும் புளித்த பாலுமாக ஒரு வாசனை எழ, கதவுக்கு வெளியே எதையோ மெதுவாக, மிக மெதுவாக, தரையோடு தரையாக இழுத்து வருகிற ஓசை கேட்டது. நின்றது. கதவில் தட்டல். முழங்கால் உயரத்தில்.

ஓடலாம். சாமி வீடு அரை மைல்தான்.

பிரீஜ் புதுத் தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் சொருகினாள். போய்க் கதவைத் திறந்தாள். வயலிலிருந்து வாசல்படி வரை கற்கள். வரிசையாக. ஆள் இல்லை.

“வாங்க,” என்றாள். “காலத் தொடச்சிட்டு வாங்க. எழுதாம விடமாட்டேன்.”

மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் ஈரக் காலடிகள். மடியில் ஏதோ ஏறியது. குளிர். பாரம். அவள் விரல் மேல் இன்னொரு விரல். நகத்தில் மண். அழுத்தியது. மறுபடி அழுத்தியது.

தாளில் ‘பிரீஜ்’ என்று விழுந்தது.

“சரி, அது மொதல்ல ஒன்னோடதுதான்,” என்றாள். கையை இழுக்கவில்லை. “அடுத்தது யாரு?”

மேசை விளிம்பில், நான்கு பக்கமும், சின்னச் சின்ன விரல்கள் ஏறின.