வடக்குச் சுவரின் பூச்சு

நேற்று நீல வட்டம் போட்ட இடத்தில் இன்று தட்டினால் கெட்டியாகக் கேட்டது. ஹேசல் விரல்முட்டியால் மறுபடி தட்டினாள். டக். நேற்று இதே இடம் காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் டொப் என்றது. அதனால்தான் சுற்றி நீல சாக்பீஸால் கோடு போட்டாள். ஒரு முழம் இடப்பக்கம் தள்ளித் தட்டினாள். டொப்.

சுவருக்கு வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று அதற்கும் ஒரு வட்டம் போட்டாள்.

கிராம மண்டபத்துக்கு நூற்று முப்பது வயது. மெல்லிய மரப்பட்டிகளின் மேல் ஆட்டுமயிர் கலந்த சுண்ணாம்பை அப்பிக் கட்டிய சுவர்கள். அந்தப் பழைய பூச்சு நின்றால்தான் மண்டபம் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏறும். நாளைக் காலை அதிகாரி வந்து தட்டிப் பார்ப்பார். வடக்குச் சுவரில் கால்வாசிக்கு மேல் டொப் என்று, பூச்சு மரப்பட்டியைவிட்டுப் பிடிவிட்டிருந்தால் பட்டியலும் இல்லை, மண்டபமும் இல்லை. நிலத்துக்காரர் இடித்துவிட்டு வீடுகள் கட்டுவார். அவர் அதை யாரிடமும் மறைக்கவில்லை.

சுவரைத் தட்டிப் பார்க்கும் வேலையை ஆரம்பித்தது அவள் கணவர் டெஸ்மண்ட். மூன்று முறை தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், "இது பிடிவிட்டுடுச்சு" என்பார், வெள்ளை சாக்பீஸால் வட்டம் போடுவார். அக்டோபரில் ஒருநாள், மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே ஒரு வட்டத்தைப் பாதி போட்டபடி விழுந்தார். ஹேசல் தேநீரோடு வந்தபோது உடம்பு ஆறிப்போயிருந்தது. கைக்குள் சாக்பீஸ். விரல்களைப் பிரிக்க வேண்டாம் என்று அவளே சொன்னாள். அதோடுதான் புதைத்தார்கள்.

அன்றிலிருந்து அவள் அழவில்லை. அடக்கிக்கொள்ளவும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைப்போல் உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், துக்கம் விசாரித்தவர்களுக்கு நன்றி அட்டைகள் எழுதினாள். அவர் காப்பாற்ற நினைத்த இந்தச் சுவர் நின்றுவிட்டால் ஒருவேளை அழுகை வரலாம். அதை மட்டும் நம்பிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு, மண்டபக் குழுவில் கூட இருக்கும் ரோனா எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் சுவரைக் கொஞ்சிக்கிட்டு இருக்கியா? அதுக்கே கூச்சம் விட்டுப் போயிருக்கும்."

"பிடிவிட்ட இடமெல்லாம் நகருது, ரோனா. நேத்து டொப்புனு கேட்டது இன்னைக்கு டக்குங்குது."

"முதல்ல உன் காதைக் காட்டு டாக்டர்கிட்ட." ரோனா நாலைந்து வட்டங்களுக்குள் தானே தட்டிப் பார்த்தாள். "கெட்டியாத்தானே இருக்கு? நல்லதுதான். நாளைக்கு அந்த ஆளு வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடட்டும். டெஸ்மண்ட் இருந்திருந்தா…" நிறுத்திக்கொண்டாள். "ஜனவரி இருட்டு, சீக்கிரம் கவிஞ்சிடும். வீட்டுக்கு வா. சூப் வெச்சிருக்கேன்."

"இதை முடிச்சிட்டு வரேன்."

ரோனா கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு மண்டபம் தன் சத்தங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தது: கூரை ஓட்டின் கீழ் காற்று புகுந்து வெளியேறும் மூச்சு, அடுக்கிவைத்த நாற்காலிகளில் எங்கோ ஒரு திருகு இளகும் கிறீச்சு, சமையலறையில் பெரிய தேநீர்ப் பாத்திரம் ஆறும்போது எழும் சின்னச் சின்ன உலோகச் சொடுக்குகள். தரை மெழுகின் மணத்தோடு ஈரச் சுண்ணாம்பின் வாடையும் வந்தது. இங்கே நூறு வருடமாக யாரும் ஈரச் சுண்ணாம்பு பூசவில்லை. ஹேசல் அதைக் கவனித்தாள். மேலே யோசிக்கவில்லை.

தட்டிக்கொண்டே நடந்தாள். டக், டக், டக். அவள் நின்ற இடத்தில் மட்டும் டொப். இரண்டடி நகர்ந்தாள். விட்டு வந்த இடம் கெட்டியானது, வந்து நின்ற இடம் டொப். மேலே தட்டினாள், கீழே தட்டினாள். டொப் என்ற இடம் சரியாக அவள் உயரம். அவள் அகலம். அதற்கு வெளியே எங்கும் இல்லை.

பயம் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் அடிக்கும் தொலைபேசிபோல் வந்தது. யாராவது எடுக்கட்டும் என்று நின்றாள்.

மூன்றாவது ஜன்னல். டெஸ்மண்டின் பாதி வட்டம்.

அது முழு வட்டமாக இருந்தது.

மீதிக் கோட்டைத் தொட்டாள். விரலில் புதுப் பொடி. வெள்ளை. அவள் பையில் நீலம் மட்டுமே இருந்தது.

வட்டத்துக்குள் தட்டினாள். டக். கை எட்டிய இடமெல்லாம் தட்டினாள். டக். டக். இப்போது அவள் நின்ற இடமும் டக். சுவர் முழுவதும் கெட்டி. நாளை யார் வந்து தட்டினாலும் குறை சொல்ல முடியாது. மண்டபம் பிழைத்துவிட்டது, டெஸ்மண்ட்.

அழுகைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

உள்ளேயிருந்து தட்டல் கேட்டது.

இடத் தோளுக்கு அப்பால். டக்.

வலத் தோளுக்கு அப்பால். டக்.

பிறகு நடு முதுகில்.

டொப்.

அந்தச் சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

"இது பிடிவிட்டுடுச்சு" என்றது அவருடைய குரல், வேலை நேரத்துக் குரல், அவ்வளவு சாதாரணமாக.

அவள் விலக நினைத்தாள். முதுகு வரவில்லை. கழுத்தில் ஈரம். காதோரத்தில் மயிர் கலந்த சுண்ணாம்பு, புதிதாக, குளிர்ச்சியாக.

எதிர் ஜன்னலின் இருண்ட கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நிற்கும் ஒரு பெண். அவள் பாதத்தருகே தொடங்கி, இடுப்பைக் கடந்து, தோளைச் சுற்றி, தலைக்கு மேலாக வளைந்து மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக் கோடு. அதைப் போடும் கை தெரியவில்லை. சாக்பீஸ் உரசும் சத்தம் மட்டும், நிதானமாக.

வட்டம் மூட ஒரு சாண் பாக்கியிருந்தது.