சோலையம்மாளின் கோணி ஊசி

காலையில் மாடத்தில் வைத்துவிட்டுப் போன ஊசியில் இப்போது நூல் கோத்திருந்தது.

ராக்கம்மா கோப்பிப்பழம் பறித்த கூடையை இறக்காமலே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆத்தா சோலையம்மாள் விட்டுப்போனது அந்த ஒரு கோணி ஊசிதான். துரு ஏறி, நுனி மழுங்கிக் கிடந்ததைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி வைத்திருந்தாள். நூல் கோக்கவில்லை.

"ஏங்க, ஊசியில நூல் கோத்தீங்களா?"

"எனக்கெதுக்கு ஊசி?" என்றான் அழகர், அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே. "பேச்சி வெளையாடியிருப்பா."

பேச்சிக்கு மூன்று வயது. மாடம் அவளுக்கு எட்டாது. நூல் கறுப்பாக, தலைமயிர்போல மெலிதாக இருந்தது. ராக்கம்மா மேலே கேட்கவில்லை. ஆத்தா செத்த அன்றிலிருந்தே எதையும் கேட்கத் தோன்றவில்லை, அழுகையும் வரவில்லை.

ஆத்தாவின் சேலையை மேலேயும் பழைய சாக்கைக் கீழேயும் வைத்து, நடுவில் கந்தைகளைப் பரப்பி, குழந்தைக்கு ஒரு போர்வை தைக்க உட்கார்ந்தாள். ஹந்தானை மலையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது; தோட்டத்து ஸ்டோர்ப் பக்கமிருந்து அழுகிய கோப்பித்தோலின் புளித்த வாடை லயத்து வீடுகளுக்குள் புகுந்து, ஈரச் சுவரிலும் சாக்கிலும் அவள் கூந்தலிலும் ஒட்டிக்கொண்டது. ஊசி விரலில் ஏறியது. வலிக்கவில்லை. இழுத்தெடுத்தபோது ரத்தமும் வரவில்லை.

அதன்பிறகு, வேலை முடிந்து வரும்போதெல்லாம் போர்வையில் அவள் போடாத தையல் கூடியிருந்தது. நெருக்கமான, சாய்ந்த தையல்.

"நீயே தச்சிட்டு மறந்திருப்ப," என்றான் அழகர்.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பெரியதம்பி, ஆத்தாவோடு ஒரே கூட்டத்தில் மன்னாரிலிருந்து இந்தத் தோட்டத்துக்கு நடந்து வந்தவர், ஒரு சாயங்காலம் நெருப்பு வாங்க வந்தார். போர்வையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்தத் தையல யாரும்மா போட்டது?"

"நாந்தான். ஆத்தா நெனப்பா இருக்கட்டும்னு."

"இது போர்வைத் தையல் இல்ல தாயி. வர்ற வழியில பேதியில போனவுகள கம்பளிக்குள்ள வச்சு ஒங்காத்தா இப்படித்தான் தச்சா. ஒருத்தன் உள்ள கெடந்து அசைஞ்சான். கூட்டம் நிக்காது, தைன்னான் எங்களக் கூட்டியாந்த கங்காணி. தச்சுட்டா."

"யாரு அந்த ஆளு?"

பெரியதம்பி திரும்பி வாசலை விட்டு இறங்கினார்.

"ஒங்கப்பன்."

நெருப்பை வாங்காமலே போய்விட்டார். ராக்கம்மா உள்ளே ஏதாவது உடைகிறதா என்று காத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. அப்பா முகம் அவளுக்குத் தெரியாது. ஆத்தா சொன்னதும் இல்லை. ஊசியைப் பள்ளத்தில் எறிந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். எடுத்தாள்.

மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது கேட்கவில்லை. நூல் சாக்கைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும்.

தன்னை உணர்ந்தபோது அறை மங்கியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போர்வை. சுருட்டி மடித்து, நாலு பக்கமும் தைத்து மூடியிருந்தது.

உள்ளே எதுவோ இருந்தது.

"பேச்சி?"

பாயில் குழந்தை இல்லை.

"பேச்சி!"

பொதி மெதுவாக ஏறி இறங்கியது. மூச்சு.

தையலைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் பிடிக்கவில்லை. பல்லால் கடித்தாள். நூல் அறவில்லை. வாயில் எண்ணெய். சாம்பல். மயிர்.

கதவு திறந்தது.

அழகர். தலையில் சாக்கு. இடுப்பில் பேச்சி.

"எத்தன தடவ கூப்புட்டேன்? இவள எண்ணெ வாங்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? தச்சுக்கிட்டே இருந்த. ஏன் இருட்டுல உக்காந்திருக்க?"

பேச்சி இறங்கி ஓடிவந்தாள். புதுப் போர்வை. கையை நீட்டினாள். தடுக்க வேண்டும். ராக்கம்மாவின் கை எழும்பவில்லை.

குழந்தை பொதியின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தது.

உள்ளேயிருந்து, துணியைத் தள்ளிக்கொண்டு, ஐந்து விரலும் விரித்த ஒரு பெரிய ஆண்கை எழுந்து, அந்தச் சின்னக் கையோடு பொருந்தி நின்றது.