குச்சி நுனியில் ஓர் இமைமுடி

மனைவியைப் பறிகொடுத்த பிறகு அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். படியிறங்கி அடித்தளத்து ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார்.

"சாப்பிட்டீங்களா மாமா?" மச்சினி கேட்டாள். அக்கா பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

"ஆச்சு."

பொய். அவளுக்கும் தெரியும்.

மேசை மேல் எல்லாம் அப்படியே இருந்தன. முனையோடு முனை எதிரெதிராக நிற்கும் இரண்டு வைரங்கள். நடுவே உலோகத் துகள் ஒன்றை வைத்துத் திருகை முடுக்கினால், பூமியின் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் அதன் மேல் இறங்கும். அந்த நசுக்கலில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று மீட்டர் முள் காட்டும்.

அத்தனை சின்னத் துகளை எடுத்து வைக்க இடுக்கி உதவாது. பல்குச்சி நுனியில் ஒட்டிய ஓர் இமைமுடிதான் தோது. அது மனைவியுடையது. "உங்க இமை துடைப்பக்குச்சி, வைரத்தையே கீறிடும்" என்று சிரித்து, தன்னுடையதைப் பிடுங்கி ஒட்டியவள்.

துகளை வைத்தார். குச்சியைக் கீழே வைத்தார். முடுக்கினார். முள் ஏறி நின்றது.

"மாமா..." மச்சினி குச்சியை விளக்கடியில் பிடித்திருந்தாள். "முடி பாதிதான் இருக்கு."

மீதி, வைரங்களுக்கு நடுவே.

முள் சட்டென்று விழுந்து எழுந்தது.

கண் சிமிட்டுவது போல.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவளுக்குப் பேச்சில்லை, அசைவில்லை. ஒருமுறை சிமிட்டினால் ஆமாம். இருமுறை என்றால் இல்லை. அப்படித்தான் பேசினாள்.

எங்கிருந்தோ மருந்து வாடை வந்தது. ஆஸ்பத்திரிப் போர்வையின் வாடையும்.

அவர் மீட்டர் அருகே குனிந்தார். "நீயாம்மா?"

ஒருமுறை.

"வலிக்குதா?"

முள் விழுந்தது. வெகுநேரம் கழித்தே எழுந்தது.

ஒருமுறை.

"இதோ, தளர்த்திடறேன்."

இருமுறை. மறுபடி இருமுறை. அவசரமாக மறுபடி.

"வேண்டாம் மாமா!" மச்சினி அவர் கையைப் பிடித்தாள். "முடுக்கும்போது தாங்குற வைரம் தளர்த்தும்போதுதான் உடையும். அக்காவுக்குத் தெரியாதா? உடைஞ்சா அவ எங்க போவா?"

"வலிக்குதுங்கறாளே! வேடிக்கை பார்க்கச் சொல்றியா?"

"மெதுவா பேசுங்க. அவளுக்குக் கேக்குது."

கையை உதறிவிட்டுத் திருகைத் திருப்பினார். கால் சுற்று. அரைச் சுற்று.

டப்.

வைரங்கள் வெள்ளைப் பொடியாகக் கொட்டின. துகளும் இல்லை, முடியும் இல்லை. முள் பூஜ்யத்தில் படுத்தது.

மச்சினி மீட்டரின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சுவரிலிருந்து பிளக்கையும் உருவினாள். அவர் அந்தப் பொடியை உள்ளங்கையில் வழித்துக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர். ஆனாலும் கொஞ்சம் நிம்மதி.

"போயிட்டியாம்மா?"

செத்த மீட்டரில் முள் துள்ளியது.

இருமுறை.

அடுத்த கேள்வி என்னவென்று இருவருக்கும் தெரியும். வலியைப் பற்றிய அதே கேள்விதான்.

கேட்காமலே முள் மெல்ல எழுந்து விழுந்தது.

ஒரே ஒருமுறை.