ஒன்றரை மீட்டருக்குள்

இங்கே என்னை எல்லோரும் பென்சில் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது இருபத்தைந்து. சர்வே கம்பெனி கொடுத்த மூன்றாவது மாடி அறையில், லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மணி மாலை ஐந்தரை. தட்டச்சு செய்ய நேரமில்லை தங்கச்சி, அதனால் போனிடம் பேசிப் பேசித்தான் இதை எழுதுகிறேன். சொல் தப்பாக விழுந்திருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

முதலில் கண்ணில் பட்டது சின்ன விஷயம்தான். சாலையோரம் ஒரு ஆள் இரண்டு தடவையும் நின்றிருந்தான்.

எங்கள் வேன் கூரையில் லேசர் ஒன்று ரீங்காரம் போட்டபடி சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பம், கம்பி, நடைபாதை விளிம்பு, மரக்கிளை என்று அது பட்ட இடமெல்லாம் கம்ப்யூட்டரில் புள்ளியாக விழும். கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து சாலையே எழுந்து நிற்கும். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை எடுப்போம். இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது சாலையைச் சேர்ந்தது. ஒன்றில் மட்டும் இருந்தால் ஆளோ, வண்டியோ, நாயோ, அழித்துவிடலாம். அழிக்கிறதுதான் என் வேலை.

அந்த ஆள் இரண்டிலும் நின்றான். நாற்பது நிமிஷ இடைவெளியில் ஒரு விரல்கூட நகராமல், வேன் போன தடத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி. புள்ளிகளில் முகம் தெரியாது. ஆனால் இடது கால் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக மடிந்திருந்தது.

அந்தக் காலை எனக்குத் தெரியும்.

அவனுக்குக் கொடி என்று பெயர் வைத்திருந்தோம். சாலை வேலை நடக்கிற இடத்தில் சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்துகிறவன். எங்கள் வேனைக் கண்டால் விறைப்பாக சல்யூட் அடிப்பான். “பென்சிலு, என் தொப்பையை மட்டும் அழிச்சிட்டு ஒரு படம் குடுப்பா. வீட்ல காட்டணும்” என்பான்.

வேன் ஒரே வேகத்தில் போனால்தான் புள்ளிகள் சமமாக விழும். நடுவில் பிரேக் போட்டால் அந்தத் துண்டு முழுவதும் வீண், மறுபடி ஓட்ட வேண்டும். சில மாதம் முன்பு ஒரு நாள் காலை, ஒரே துண்டை மூன்றாவது தடவையாக ஓட்டிக்கொண்டிருந்தோம். எதிர்வெயில் கண்ணைக் குத்தியது.

“ஆளு நிக்கிறான்டா” என்றார் டிரைவர் அண்ணன்.

“பிரேக் போடாதீங்கண்ணே. விலகிடுவான்.”

விலகவில்லை. சல்யூட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

வேன் இடித்து இடது கால் மடிந்ததே தவிர, அவன் சாகவில்லை தங்கச்சி. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டான். நான் போனை எடுத்தேன். “யாருக்குடா அடிக்கிற? ரெண்டு பேரும் உள்ளதான். அப்புறம் உன் தங்கச்சி காலேஜுக்கு யாரு, நானா கட்டுவேன்?” என்றார் அண்ணன். போனைத் திரும்பப் பையில் போட்டேன். சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகிற குழாய் இருந்தது. அதற்குள் தள்ளினோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, கை தூக்கி நின்றவனைப் புள்ளி மிச்சமில்லாமல் அழித்தேன்.

மறுநாளிலிருந்து அவன் மனைவி கம்பெனி கேட்டில் வந்து நின்றாள்.

“நீங்கதான் ரோடு ரோடா எல்லாத்தையும் அளக்குறீங்களே தம்பி. எங்கயாவது இவரு விழுந்திருக்காரா பாருங்களேன்.”

“மனுஷங்க இதுல விழ மாட்டாங்கக்கா.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நாளைக்கும் வருவாள்.

பன்னிரண்டு மீட்டரில் நின்றவனை அழித்தேன். அடுத்த நாள் வேறு சாலை, வேறு பேட்டை. அங்கே ஒன்பதில் நின்றான். அழித்தேன். ஆறு. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மெஷினு கிறுக்குப் புடிச்சிருச்சு. உனக்கும்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தீப்பெட்டியில் குச்சியை உரச நாலு தடவை ஆனது அவருக்கு.

நாலு மீட்டர்.

போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், பூட்டிய வேனுக்குள் பெல்ட் போட்டபடி அண்ணன் செத்துக் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். தலை சாய்ந்ததும் வாயிலிருந்து சாக்கடைத் தண்ணீர் கொட்டியது. நிற்கவே இல்லை. ஒரு மாதமாக மழை கிடையாது. வேன் தரை காய்ந்திருந்தது.

இன்று புது டிரைவரோடு போனேன். மூன்று மணிக்கு அறைக்கு வந்து, திறக்கவே பயந்து திறந்தேன். அவன் இல்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டரையும் அங்குலம் அங்குலமாகத் தேடினேன். இல்லை. பல மாதம் கழித்து நெஞ்சு நிறைய மூச்சு விட்டது மாதிரி இருந்தது.

பிறகுதான் அந்தப் பட்டை தெரிந்தது.

சாலையின் ஒரு பக்கம் முழுக்க, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, ஒரே அகலத்தில் கறுப்பு. அங்கே ஒரு புள்ளிகூட விழவில்லை. கம்பங்கள் பாதியில் அறுந்திருந்தன, வீடுகள் பாதியில் அறுந்திருந்தன. லேசரை எதுவோ மறைத்திருக்கிறது. வழியெல்லாம். கூடவே வந்து.

லேசருக்கு ஒரு கணக்கு உண்டு. தன் வேன் கூரையே பதிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் எதையும் அது எழுதாது.

பட்டை விழுந்தது நான் உட்காரும் பக்கம்.

எழுந்து கதவைப் பூட்டினேன். கட்டிலை இழுத்து முட்டுக் கொடுத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். அறை புழுங்கியது. எங்கிருந்தோ சேற்று வாடை. சட்டையை மோந்து பார்த்தேன். என்னுடையதில்லை.

கடைசி ஐம்பது அடி மட்டும் பார்க்காமல் விட்டிருந்தேன். கீழே முற்றத்தில் நான் இறங்கிப் படிக்கட்டுக்கு நடக்க, புது டிரைவர் வேனைப் பின்னால் எடுத்த இடம். லேசரை அணைக்க மறந்திருக்கிறேன்.

அதில் பட்டை இல்லை. சுத்தமாக இருக்கிறது. சுவர், படிக்கட்டு, சைக்கிள். நடுவில் நான்.

என் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கால்கள் தொங்குகின்றன.

கழுத்தைச் சுற்றி ஒரு கை. என் தலைக்கு மேல் இன்னொரு தலை, என் காதோடு குனிந்து.

கதவைப் பூட்டிவிட்டேன். நானேதான் பூட்டினேன். காது ஈரமாகிறது. தண்ணீர் கேட்கிறான்.

தங்கச்சி, இல்லை வேறு யார் படித்தாலும் சரி: அவன் கொடி காட்டிய சாலையில், பதினேழாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டினால் வரும் முதல் குழாய். அவனை வெளியே எடுங்கள். எடுத்து அந்த அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.