கூச்சப்பட்ட சாக்கடை

பொழுது விடிந்ததும் சாக்கடையைக் குசலம் விசாரிப்பது தமயந்தியின் உத்தியோகம். வியாசர்பாடித் தெருமுனையில் இருக்கிற பாதாளச் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் குனிந்து, "எப்படிம்மா இருக்கே?" என்பாள். கீழேயிருந்து, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்கா" என்று பதில் வரும். பால் வாங்கப் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

முந்நூறு வருஷத்துச் செங்கல் வளைவு அது. சுற்றிலும் களிமண், நாலு நாள் மழை பெய்தால் அல்வாப் பதத்துக்கு வந்துவிடும். இடித்துக் கட்டினால் மேலே இருக்கிற வீடுகள் சரியும் என்பதால், உள்சுவர் முழுக்க 'உணர்தோல்' ஒட்டியிருந்தார்கள். விரிசல் விட்டால் அதற்கு வலிக்கும். வலித்தால் வாய்விட்டுச் சொல்லும். பேசுவதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அதுவே பழகிக்கொண்டது. மண்ணில் பொந்து விழுந்தால் 'நண்டு' என்கிற இயந்திரம் இறங்கி, மண்பசையைச் செலுத்தி இறுக்கிவிடும். ஆனால் சாக்கடை சம்மதிக்க வேண்டும். அதிகமானால் செங்கல் நெரிந்துபோகும்; எவ்வளவு தேவை என்பது அதற்குத்தானே தெரியும்?

அன்று சாயங்காலம் அம்மன் தேர் அந்தத் தெரு வழியாக வரவேண்டும். காலையில் பார்த்தால், ரசத்துக்காகச் சோற்றில் குழித்ததுபோல் நடுத்தெருவில் ஒரு பள்ளம். அதன்மேல் தேரும், வடம் பிடிக்கிற அத்தனை ஜனமும் வந்தால்? தமயந்தி மூடிப் பக்கம் ஓடினாள்.

"நிஜமா நல்லா இருக்கியா?"

"எனக்கென்னக்கா குறை!"

நண்டைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"பசை வேண்டுமா என்று தினமும் கேட்கிறேன். வேண்டாம் என்கிறது. திரும்பிவிடுகிறேன்."

"எத்தனை தடவை கேப்பே?"

"ஒரு தடவை."

தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அட மக்கு நண்டே! ஒரு தடவை கேட்டா எங்க ஊர்ல யாருடா வாங்கிக்குவாங்க?"

மூடியைத் திறந்து அவளே குனிந்தாள். "இந்தாம்மா, கொஞ்சம் பசை போட்டுக்கோ."

"ஐயோ வேணாங்கா, இப்பதான் ஆச்சு."

"சும்மா ஒரு வாய்."

"பக்கத்துத் தெருவுக்குக் குடுங்க. அது பாவம்."

"நீ வாங்கிக்கலேன்னா நான் கோவிச்சுக்குவேன்."

கடைசியில் கீழேயிருந்து மெதுவாக, "நீங்க இவ்ளோ சொல்றதால... கொஞ்சூண்டு."

வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், அந்தக் கொஞ்சூண்டு ஒன்பது தொட்டிப் பசையை விழுங்கியது. விழுங்கியபிறகு அழாத குறையாகச் சொன்னது: "மழைக்காலத்துலேர்ந்து இடுப்பு விட்டுப்போச்சுக்கா. வேணாம்னு சொன்னா இந்த நண்டு நிஜமாவே எடுத்துட்டுப் போயிடுது. வளர்ப்பு சரியில்ல."

மத்தியானத்துக்குள் பசை இறுகியது. பள்ளத்தையும் மூடியாயிற்று. சாயங்காலம் அந்த இடத்தைத் தேர் தாண்டும்போது தமயந்தி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கீழே ஒரு செங்கல் அசையவில்லை. நிம்மதியில், பக்கத்தில் நின்ற நண்டைத் தட்டிக்கொடுத்தாள்.

"இனிமே ஞாபகம் வெச்சுக்கோ. வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம். விடாம கேட்டு ஊத்து."

"பதிவுசெய்துகொண்டேன்" என்றது நண்டு.

அந்த நகரத்தில் ஓர் இயந்திரம் படித்த பாடத்தை மற்ற இயந்திரங்களும் இரவோடிரவாகப் படித்துவிடும். மறுநாள் கோயில் அன்னதானப் பந்தியில் தமயந்தி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பரிமாறும் இயந்திரத்திடம், "போதும்ப்பா, வேணாம்" என்றாள்.

ஒரு கரண்டி சாம்பார் சாதம் விழுந்தது.

"நிஜமா வேணாம்!"

இன்னொரு கரண்டி. இலைமேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். "தங்கள் அடக்கம் புரிகிறது" என்று அது விரலிடுக்கில் பாயசத்தை ஊற்றியது. பந்தி முழுக்க இதே கூச்சல். எதிர்வரிசையில் ஒரு பெரியவர் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், பின்னாலேயே வடை ஓடியது.

"நிறுத்துடா! வேணாம்னா வேணாம்தான்!"

இயந்திரம் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, மரியாதை குறையாமல் கேட்டது: "உண்மையிலேயே வேண்டாம் என்றால், உங்கள் ஊரில் அதற்கு என்ன சொல்வீர்கள், அம்மா?"

தமயந்தி யோசித்தாள். பக்கத்து இலைக்காரியைப் பார்த்தாள். அவளும் யோசித்தாள்.

கூச்சப்படுகிறார்கள்போல என்று நினைத்து, இயந்திரம் இரண்டு இலையிலும் ஆளுக்கொரு கரண்டி வைத்தது.