வளையம் காட்டிய தூரம்

நாற்பத்தொன்றாம் நாள் படத்தின்போதுதான் அவன் அதைக் கவனித்தான். மனைவியின் இடது கண்ணிமையில் ஃபோகஸ் கச்சிதமாக விழும்வரை லென்ஸின் வளையத்தைத் திருப்பி, பொத்தானை அழுத்தி, வழக்கம்போல வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தான். மூன்று மீட்டர். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரே இரண்டே முக்கால் மீட்டரில்தான் இருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அறை கிடையாது, மாடிப்படி கிடையாது. மூன்று மாடி உயரத்துக்கு வெறும் காற்றுதான்.

"எந்திரிக்கலாமா?" என்றாள் அவள். தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவரைக் கூப்பிடுவதுபோல அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் அவன் காதில் விழுந்தது சாதாரணக் குரல்தான். சொல்லப்போனால் கொஞ்சம் மெல்லிய குரல்.

"ஏன் இப்படிக் கத்துற?"

"நான் எங்க கத்தினேன்? நீங்கதான் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்க."

அவன் லிஃப்ட் மெக்கானிக். காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் இரண்டுக்கு வீடு. லிஃப்ட் தளத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றாலும் யாராவது கால் தடுக்கி விழுவார்கள் என்பதைப் பதினெட்டு வருடமாகப் பார்த்தவன். அளக்காமல் எதையும் நம்ப மாட்டான். புகைப்படம் அவனுக்குப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கில் பட்ட அவமானத்தை அவன் வேலையில்கூடப் பட்டதில்லை. அவன் சேர்ந்திருந்த புகைப்படக் குழுவை நடத்துபவர் லென்ஸ் ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவர். எந்தப் படத்தைக் காட்டினாலும் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்ப்பதால் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி. "அஞ்சு வருஷமா ஒரே தப்பு தம்பி. ஆள் ஒரு இடத்துல, ஃபோகஸ் இன்னொரு இடத்துல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்த ரோஷத்தில் அவனே தனக்கு வைத்துக்கொண்ட சவால்தான் இது. நூறு நாள், ஒரே ஆள், ஒரே நாற்காலி, மாலை நான்கு மணி, நாளுக்கு ஒரே ஒரு படம். நாற்காலியின் கால்களைச் சுற்றியும் கேமராவைத் தாங்கிய ட்ரைபாடின் கால்களைச் சுற்றியும் தரையில் டேப் ஒட்டினான். லென்ஸ் பழையது, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்; ஆள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார் என்பதை வளையத்தில் பொறித்த எண்கள் காட்டும். அன்றன்றைய தப்பையும் அன்றைய எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவந்தான். தப்பை எழுதி வைத்தால் அது திரும்ப வராது என்பது அவன் நம்பிக்கை.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். நான்கு மணி ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு, துணிப்பிசிறு ஒட்டிய கையோடு வந்து உட்காருவாள். "என்னைக் கட்டிக்கிட்டதையும் அந்த நோட்டுல எழுதியாச்சா?" என்று கேலி செய்வாள்.

"அது தப்பு இல்ல. விபத்து."

நாற்பத்தொன்றாம் நாள் அவன் சிரிக்கவில்லை. அவளுடைய தையல் டேப்பை வாங்கிக் கேமராவிலிருந்து நாற்காலிவரை பிடித்துப் பார்த்தான். இரண்டு மீட்டர், நூலிழை பிசகவில்லை. நோட்டைப் புரட்டினான். முதல் நாள் இரண்டு. பத்தாம் நாள் இரண்டைத் தாண்டி ஒரு மயிரிழை. இருபத்தைந்தாம் நாள் இரண்டரை. தினமும் 'ஃபோகஸ் கொஞ்சம் பின்னால் போகிறது, சரிசெய்தேன்' என்று அவனே எழுதியிருந்தான். சரிசெய்கிற மும்முரத்தில், எதைத் தொடர்ந்து போகிறோம் என்று அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த சில நாட்களில் வீட்டுக்குள் சின்னச் சின்ன விஷயங்கள் கோணலாயின. மேஜையில் பக்கத்திலேயே இருந்த தண்ணீர் டம்ளருக்கு அவள் முழுக்கையையும் நீட்டி, அதைத் தட்டிவிட்டாள். குளியலறைக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டு, "இன்னும் நாலு எட்டு இருக்குன்னு நெனச்சேன்" என்றாள், வீக்கத்தைத் தேய்த்தபடி. கண் டாக்டர் வரிசையாக எழுத்துகளைக் காட்டி, மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். ஊசிமுனை எங்கோ தெரிகிறது, விரல்தான் குத்துப்படுகிறது என்று அவள் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். அந்த மெஷின் சத்தம் நின்ற பிறகு வீட்டில் வேறொரு சத்தம் இருப்பது அவனுக்குத் தெரிந்தது: ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தும், மின்விசிறி நின்றிருந்தும், பெரிய மைதானத்தின் நடுவில் நிற்கும்போது காதோரம் உரசுமே, அந்த மாதிரி ஒரு காற்று. அது அவள் பக்கத்திலிருந்துதான் வந்தது.

ஐம்பத்தி இரண்டாம் நாள் லென்ஸையும் படங்களையும் எடுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியின் கடைக்கு ஓடினான். அவர் லென்ஸைத் தன் கேமராவில் மாட்டி, சுவரில் இருந்த அட்டையைப் பார்த்து வளையத்தைத் திருப்பினார்.

"மூணு மீட்டர் அட்டைக்கு மூணுதான் காட்டுது. லென்ஸ் மேல பழி போடாதீங்க தம்பி." பிறகு படங்களை ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்துப் பார்த்தார். ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "இது படம்! இமை முடியை ஒவ்வொண்ணா எண்ணலாம் போல இருக்கு. ஆனா இவங்க யாரைப் பாக்கறாங்க? யாரையோ தேடற மாதிரி இருக்கே."

எதிர்பார்த்து ஏங்கிய பாராட்டு கிடைத்தது. நன்றிகூடச் சொல்லாமல் படங்களை வாரி எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அன்று மாலை படங்களைக் கணினியில் திறந்து அவள் கண்ணைப் பெரிதாக்கினான். எதிரே இருக்கும் ஜன்னல் கண்மணியில் வெளிச்சமாக விழும். முகப்படம் எடுக்கிற எவனும் முதலில் பார்ப்பது அதைத்தான். முதல் நாள் படத்தில் அது நல்ல சதுரம், நடுவே கேமராவோடு குனிந்து நிற்கும் அவன் உருவம்கூடத் தெரிந்தது. இருபதாம் நாள் அது பாதியாகச் சுருங்கியிருந்தது. நாற்பதாம் நாள் ஒரு அரிசிமணி. ஐம்பத்தி இரண்டாம் நாள் ஒரு புள்ளி. அவன் அதில் இல்லை.

அவள் தோளில் கைவைத்தான். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள்.

"நீங்க அங்க நிக்கறீங்க. இங்க என்னைத் தொட்டது யாரு?"

"நான்தான். என் கைதான். பாரு, நீட்டியிருக்கேன் பாரு."

கண்களைச் சுருக்கி எங்கோ தொலைவில் பார்த்தாள். அவன் கை நீட்டியிருப்பது தெரிந்ததும் மூச்சு விட்டாள். "இனிமே சொல்லிட்டுத் தொடுங்க. உயிரே போயிடுச்சு." அவன் அப்படியே செய்தான். 'தொடப்போறேன்' என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தலை வாரிவிட்டான், கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போனான். அவள் தலைமுடியில் வீட்டு வாசனை போய், மனுஷர் நடமாட்டமே இல்லாத வெட்டவெளியின் புழுதி வாசனை வந்திருந்தது.

இருந்தும் படம் எடுப்பதை அவன் நிறுத்தவில்லை. இதைச் சொல்ல அவனுக்கே வெட்கம்தான். எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்தால்தான் சரிசெய்யலாம் என்று நினைத்தான். ஐம்பத்தி எட்டாம் படத்தில் வளையம் பத்தைத் தாண்டி நின்றது. அன்று நோட்டை மறுபடி முதலிலிருந்து படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முப்பதாம் நாளுக்கு அடுத்த இரண்டு நாட்கள், ஒரு மருத்துவமனை லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனதால் அவன் வீட்டுக்கே வரவில்லை. படம் இல்லை. திரும்பி வந்து எடுத்த படத்தில் எண் ஒரே ஒரு நாள் அளவுக்குத்தான் நகர்ந்திருந்தது.

நாள் அவளைத் தள்ளவில்லை. அவன் அழுத்திய பொத்தான்தான் தள்ளியது, ஒவ்வொரு அழுத்தலுக்கும் இன்னும் கொஞ்சம்.

அன்றே நிறுத்தினான். அதன்பின் எட்டு நாள், படம் எடுக்காமல் வளையத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். எண் அசையவில்லை. இதற்குமேல் போகமாட்டாள் என்று அவன் ஆறுதலாக இருந்தபோது அவள்தான் உடைந்துபோனாள்.

"போகலைன்னா போதுமா? நான் இங்கயே இருக்கணுமா? இங்க யாரும் இல்லைங்க. வீடு அந்தப் பக்கம் தீப்பெட்டி மாதிரி தெரியுது. பொழுது சாயற மாதிரியே இருக்கு, ஆனா சாயவே மாட்டேங்குது."

அவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். எடுத்தது தள்ளியது என்றால், அழித்தது இழுக்க வேண்டும். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஐம்பத்தி எட்டாம் படத்தை மட்டும் அழித்தான்.

"எப்படி இருக்கு? ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கத்தினான்.

அவள் அவன் இருந்த திசையை நெடுநேரம் பார்த்தாள். அவன் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. குரலில் இருந்த தவிப்பு மட்டும் எட்டியிருக்க வேண்டும். மெல்லச் சிரித்தாள். "ம்... கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்குங்க."

வளையத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பதினெட்டு வருடம் அளக்காமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்காதவன். அந்த ஒரு நிமிடத்தை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. கணினியில் இருந்த பிரதிகளையெல்லாம் அழித்தான். கேமராவின் மெமரி கார்டை ஃபார்மட் செய்தான். எல்லாப் படங்களும் போய்விடும், சரியா என்று திரை கேட்டது. சரி என்று அழுத்தினான்.

காற்றின் சத்தம் நின்றது.

"இப்போ?" என்றான். "இப்போ எப்படி இருக்கு?"

அவள் வாய் சத்தமில்லாமல் திறந்து மூடியது.

கேமராவில் கண்ணை வைத்தான். நாற்காலியில் ஒரு மங்கல். வளையத்தைத் திருப்பினான். ஐந்து. மங்கல். பத்து. மங்கல். எண்கள் முடிந்து, முடிவில்லாத் தொலைவு என்பதற்கான கடைசிக் குறி. அங்கே வளையம் நின்றது. இன்னும் திருப்பினான். உள்ளே ஏதோ நெரிந்தது. அதற்குமேல் போகாது.

மங்கல்.

கண்ணை எடுத்துவிட்டு நேரே பார்த்தான். இருக்கிறாள். இரண்டு மீட்டரில், நெற்றியில் புது வீக்கத்தோடு. அசையாத அறைக்குள் அவள் முடி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் மண்டியிட்டு அவள் உதட்டில் காதை வைத்தான். மூச்சு சுட்டது. அந்த மூச்சின் அடியில், மைல் கணக்கான வெளியைத் தாண்டி வருகிற குரல்.

"என்னங்க... எங்க போயிட்டீங்க? வீடும் தெரியலையே..."

"இங்க இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!" அவள் காதுக்குள்ளேயே கத்தினான். அவள் இமைகூட அசையவில்லை. கிட்டே வந்தது என்று அவள் சொன்னது அவன் மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தப் படங்கள்தான் அவளை அவ்வளவு தூரத்திலாவது பிடித்து வைத்திருந்தனவோ? அளந்து பார்க்க இனி எதுவும் இல்லை.

தொடப்போறேன் என்றான். தொடப்போறேன், தொடப்போறேன். கேட்கவில்லை.

கையைப் பிடித்தான்.

அவள் உடல் விறைத்தது. தன் கையைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். அவன் முகத்துக்குள் பார்த்தாள், அவனைத் தாண்டி. உதடு அசைந்தது. காதை மறுபடி வைத்தான்.

"என்னங்க... யாரோ என் கையைப் புடிச்சிருக்காங்க. இங்க யாருமே இல்ல. ஆனா புடிச்சிருக்காங்க. சீக்கிரம் வாங்க... விட மாட்டேங்குது..."

கையை உதறினாள். முறுக்கினாள். விட்டுவிட்டால் பயம் போகும். விட்டுவிட்டால் அவளே போய்விடுவாள். இந்தக் கை ஒன்றுதான் மிச்சம். அவன் இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டான்.

அவள் குனிந்து அவன் விரல்களைக் கடித்தாள். நிமிர்ந்து, ரத்தம் பட்ட வாயால், தொலைவைப் பார்த்து அவனைக் கூப்பிட்டாள். மறுபடியும் குனிந்து கடித்தாள்.