கொட்டாவி தாவும் தூரம்

பொழுது சாய்ந்ததும் கோவை நகரத்துக்கு இன்னொரு காலை பிறந்துவிடும். கடை வாசல்களை மறுபடி பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்கள். அலுவலகங்களில் அடுத்த சுற்றுக் காப்பி மணக்கும். அந்த நேரத்தில்தான் உறக்கத்துணைகள் டிராமிலிருந்து இறங்கி வீடு வீடாகப் பிரிந்து போவார்கள். ஊரில் பெரியவர்களில் பிடரி வெறுமையாக இருப்பது அவர்களுக்கு மட்டும்தான்.

நித்திலா மகனுக்குத் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுச் செழியன் வாயை ஆவென்று திறந்தான். அடுத்த வாய் கேட்கிறான் என்று நினைத்து அவள் கையை நீட்டினாள். அவனோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய்க்கு நேராகக் கட்டைவிரலையும் நடுவிரலையும் தேய்த்தான். சொடக்குச் சத்தம் எழவில்லை. "சிவ சிவ" என்றான்.

"இது யாருடா சொல்லித் தந்தா?"

"கருணாம்மா."

அக்கா இல்லை, அத்தை இல்லை, அம்மா! நித்திலாவுக்குச் சோற்றுக்கை அப்படியே நின்றுவிட்டது.

குளிர்பட்டை வந்து ஒரு தலைமுறை ஆகிறது. பிடரியில் ஒட்டிக்கொண்டால் மூளையில் சூடு ஏறாது. முதலில் கொட்டாவி நின்றது. பிறகு தூக்கம் ஒரு கோழித்தூக்கமாகச் சுருங்கியது. ஊரே மெச்சிக்கொண்டது. பச்சைப் பிள்ளைகளுக்கு மட்டும் பட்டை ஆகாது; அவர்கள் தூங்கியே தீரவேண்டும். சோர்வே அறியாத முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தக் குழந்தை தூங்கும்? அதற்காகவே பட்டை ஒட்டாமல் உழைத்துக் களைத்து வரும் பெண்கள், உறக்கத்துணை என்ற பெயரோடு.

வேறு யாராவது என்றால் பிள்ளையின் கொட்டாவியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நித்திலா மலையடிவாரத்துச் சிம்பன்சிக் காப்பகத்தில் ஆய்வாளர். நாயும் சிங்கமும் மனிதனும் எதற்காகக் கொட்டாவி விடுகிறோம் என்று கேட்டால் அவள்கூட ஒரே பதிலாகச் சொல்லமாட்டாள். மூளையைக் குளிர்விக்க என்பார்கள். மந்தையை ஒன்றாக விழிப்பூட்ட என்பார்கள். ஆனால் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. பவளம் என்ற தாய்க்குரங்கு கொட்டாவி விட்டால் மடியிலிருக்கும் குட்டியும் விடும். வேலிக்கு அப்பாலிருக்கும் அயல்குரங்கு சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மனசு ஒட்டிய இடத்துக்குத்தான் கொட்டாவி சட்டென்று தாவும்.

சற்று நேரத்தில் செழியனின் உறக்கத்துணை கருணாம்பிகை வந்தாள். நித்திலாவின் வயதுதான் இருக்கும். செழியன் ஓடிப்போய் அவள் முந்தானையில் புகுந்துகொண்டான். அவள் ஒரு கொட்டாவி விட்டாள், சொடக்குப் போட்டாள். பிள்ளை விட்டான். கதவோரம் படுத்திருந்த நாய் மணியும் விட்டது.

"உனக்குமா?" என்று நித்திலா நாயைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். சோறு போடுவது யார்?

மறுநாள் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு, மகன் எதிரே உட்கார்ந்து வாயைப் பெரிதாகப் பிளந்து காட்டினாள். அவன் கவலையோடு உற்றுப் பார்த்தான். "பல்லு வலிக்குதாம்மா?"

அன்று மாலை கருணாம்பிகையை வாசலிலேயே நிறுத்தினாள். "இனிமே நீங்க வர வேண்டாம்."

"தப்பேதாச்சும் பண்ணிப்போட்டனுங்களா அம்மிணி?"

"அதெல்லாம் இல்ல. என் பிள்ளைய நானே தூங்க வெச்சுக்கறேன்."

கருணாம்பிகை அவள் பிடரியைப் பார்த்தாள். "பட்டைய எடுத்தாலும் ஒடனே கொட்டாவி வராதுங்க. ஒடம்பு மறந்திருக்குமுங்க." பையிலிருந்து வெளுத்த சீலை ஒன்றை எடுத்தாள். "இத வெச்சுக்கங்க. கன்னத்துல பட்டாத்தான் குட்டிச்சாமி கண்ண மூடும்."

"வீட்டுல துணி இருக்கு."

கருணாம்பிகை சீலையை மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நித்திலா விடுப்பெடுத்துப் பட்டையை உரித்தாள். தலை கொதித்தது, கண் எரிந்தது, கொட்டாவி மட்டும் வரவில்லை. செழியன் முதல்நாள் அழுதான், அடுத்த நாள் கத்தினான். அதற்கு மறுநாள் குரல் கம்மிப்போய்த் தரையில் கிடந்து, வெதுவெதுக்கும் உடம்போடு, கண்ணை மூட வழி தெரியாமல் விட்டத்தைப் பார்த்தான். அவனுக்கு வேண்டியது இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். தன் பொறாமைக்குப் பிள்ளையின் கண்ணா கூலி? போனை எடுத்தாள். "கருணா... ஒரு தடவை வர முடியுமா?"

வந்தவள் ஒரு சொல்லாலும் குத்திக் காட்டவில்லை. கைநீட்டிய பிள்ளையை வாங்கி, ஒரு முத்தம் வைத்து, நித்திலாவின் மடியில் தாய்முகம் பார்க்க உட்காரவைத்தாள். "அம்மா மூக்கு எங்க இருக்குதுன்னு காட்டு சாமி." தான் போய்ப் பிள்ளையின் முதுகுப்பக்கம், நித்திலாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் உங்கள இல்ல பாக்கணும்?"

"உங்களப் பாக்கட்டுமுங்க. நீங்க என்னயப் பாருங்க."

பகலெல்லாம் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்த களைப்பு மொத்தமும் திரண்டு வந்தது போல கருணாம்பிகை வாயைத் திறந்தாள். கண்ணோரம் நீர் கட்டியது. கொஞ்சமும் மறைக்காமல், பாதியை விழுங்காமல், முழுதாகக் கொடுத்தாள்.

நித்திலாவின் காதுக்குள் ஏதோ இரைந்தது. தாடை தானாக இறங்கியது. தடுக்க நினைத்தாலும் முடிந்திருக்காது. எங்கிருந்து தாவி வருகிறது, யாரிடமிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே, அத்தனை வருடம் கழித்து அவள் ஒரு கொட்டாவி விட்டாள்.

செழியன் வியப்போடு பார்த்தான். அம்மா ஏதோ மறந்துவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குட்டிக் கையைத் தூக்கி அவள் வாய்க்கு நேரே விரலைத் தேய்த்தான். அவனுக்குச் சத்தம் வராது. பின்னாலிருந்து மெல்ல ஒரு சொடக்குக் கேட்டது.

"சிவ சிவ" என்றான். அடுத்த கணம் அவன் வாயும் திறந்தது. தலை தாயின் மார்பில் சரிந்தது.

கருணாம்பிகை ஓசையில்லாமல் எழுந்து செருப்பைத் தேடினாள்.

"கருணா" என்றாள் நித்திலா தழைந்த குரலில். "அந்தச் சீலை... பையில இருக்கா?"

இருந்தது. நித்திலா அதை வாங்கி, இன்னொருத்தியின் வேர்வை மணக்க மணக்க, மகன் கன்னத்தில் படும்படி போர்த்தினாள்.